மைதானமா, பயிற்சி நிலையமா? வன்னிப் பிள்ளைகளின் வேலைக்காக ஒதுக்கும் காசை எங்கே போடுவது

க.பொ.த. சாதாரண தர (சா.த.) பெறுபேறு வந்த கையோடு, இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள விளையாட்டுக் கழகங்களின் வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்ச் சங்கம் கொஞ்சக் காசு ஒதுக்கியிருக்கிறது. "படிப்பை விட்டிட்டு நிக்கிற பிள்ளையளுக்கு ஒரு வேலைக்கு வழி பாருங்கோ" என்கிறார்கள். கழகத் தலைவருக்கு மைதானமும் தெரியும், பிள்ளைகளையும் தெரியும். தொழிற்சாலை முகாமையாளரை மட்டும் தெரியாது.

அவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. பெயர் பெற்ற வீரர் ஒருவரைக் கூப்பிட்டு முகாம் நடத்தலாம். ஊரிலேயே இருக்கும் பழைய ஆட்டக்காரர்களைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக ஓராண்டுக்குப் போடலாம். விளையாட்டை ஒருபக்கம் வைத்துவிட்டுத் தொழிற்பயிற்சிச் செலவை ஏற்கலாம். அல்லது விளையாட்டுக்குள்ளேயே ஒரு வேலை கிடைக்குமா என்று பார்க்கலாம். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் அது தனியே நின்றால் பாதிக் கிணறுதான் என்பதையும் கீழே சொல்கிறேன்.

பேச்சு யாரைப் பற்றியது என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். சா.த. அல்லது உயர்தரத்தோடு (உ.த.) நின்றுவிட்ட, 16 முதல் 24 வயது வரையான பிள்ளைகள். போர் முடிந்த 2009இல் கைக்குழந்தையாகவோ முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகவோ இடம்பெயர்ந்தவர்களும் அதன் பின் பிறந்தவர்களும்தான் இப்போது இந்த வயதில் நிற்கிறார்கள். பல வீடுகளில் தாய் மட்டுமே உழைப்பவர். நுண்கடன் தவணை கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வருகிறது. பொடியன் வயல்கூலிக்கோ மேசன் வேலைக்கோ நாட்சம்பளத்துக்குப் போகிறான். அவனிடம் "எதிர்காலத்தைத் திட்டமிடு" என்றால் சிரிப்பான். அவன் திட்டம் சனிக்கிழமைச் சம்பளம் வரைதான் நீளும்.

## எதை வைத்து அளப்பது

எவ்வளவு காலம் நிற்கும். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் நிறை கூட்டுவேன். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் ஒரு பெரிய திட்டத்தை கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2002இல் எழுதினார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்த உறவுகளில் பிள்ளைகளுக்கு நன்மை கூடியிருந்தது. சில மாதங்களுக்குள் அறுந்துபோன உறவுகளிலோ, பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பிருந்ததை விடக் கீழே போயிருந்தது. அரைகுறையாகத் தொடங்கி விடுவது ஒன்றும் செய்யாமல் இருப்பதை விடக் கெடுதல் என்பதுதான் இதன் பொருள். எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துப் போன வன்னியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கையில் என்ன மிஞ்சும். திட்டம் முடியும் நாளில் வேலை தருபவர் ஏற்கும் ஒரு கடதாசி பிள்ளையிடம் இருக்குமா? கழகம் அச்சடித்துக் கொடுக்கும் பங்குபற்றல் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான்.

வேலை தருபவரோடு தொடர்பு. பயிற்சி ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம் கிடந்தால் நடுவில் யார் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது?

பெண் பிள்ளை வரலாமா. நேரம், பஸ், கழிப்பறை, கூட வரும் பெரிய ஆள். இந்த நாலுக்கும் விடை இல்லாத திட்டம் பொடியன்களுக்கு மட்டுமானது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

கணக்கில் வராத செலவு. மண்டப வாடகையும் ரீசேட்டும் எல்லாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இருக்கும். பிள்ளை இழக்கும் நாட்கூலி இருக்காது.

யார் வெளியே நிற்பார். ஓடத் தெரியாத, பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வேலை வேண்டும்.

## இந்த யோசனை எங்கிருந்து வந்தது

வீரர்களை வழிகாட்டிகளாக்கி, பின்தங்கிய இளையவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது பிரித்தானியாவில் ஓரளவு வேரூன்றிய முறை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீற்றரிலும் 1500 மீற்றரிலும் தங்கம் வென்ற கெலி ஹோம்ஸ் 2008இல் தொடங்கிய அறக்கட்டளை இதில் முன்னோடி. களத்தை விட்டு விலகும் வீரர்களுக்கு அடுத்த வாழ்க்கை வேண்டும். படிப்பும் வேலையும் இல்லாமல் நிற்கும் இளையவர்களுக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும். இரண்டையும் அது இணைத்தது. ஹோம்ஸ் பதக்கத்துக்கு முன்பு பிரித்தானிய இராணுவத்தில் பார ஊர்தி ஓட்டியவர், பிறகு அங்கேயே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். வேலை என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2001இல் லண்டனில் வீடற்றவர்களுக்கான உதைபந்தாட்டமாகத் தொடங்கிய ஸ்ட்ரீட் லீக் என்ற அமைப்பும் பின்னாளில் இளைஞர் வேலைவாய்ப்பையே முதல் நோக்கமாக்கிக்கொண்டது.

அங்கே ஓய்வுபெற்ற முழுநேர வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அறக்கட்டளைகள் இருக்கின்றன. நமக்கு இரண்டும் இல்லை. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. மாகாண மட்டம், தேசிய மட்டம் வரை ஓடி, பிறகு வங்கியிலோ மின்சார சபையிலோ பாடசாலையிலோ வேலைக்குச் சேர்ந்து, இன்றும் மாலையில் மைதானத்துக்கு வரும் ஆட்கள். இரண்டாவது வழியில் இவர்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

## வழி 1: பெயர் பெற்ற வீரர், ஒருநாள் அல்லது வார இறுதி முகாம்

கூட்டம் வரும். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. 2012இல் முத்தையா முரளிதரன் பெயரிலான முரளி கிண்ணத்துக்கான கிரிக்கெட் போட்டிகள் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் மைதானங்களுக்கு வந்தபோது கிடைத்த கவனத்தை உள்ளூர்ப் பெயர் ஒன்றால் இழுத்திருக்க முடியாது. பெண் பிள்ளைகளின் வீட்டாரை அசைக்கவும் இது உதவும். முல்லைத்தீவிலிருந்து போய் 2022இல் பாகிஸ்தானில் கிக்பொக்சிங்கில் தங்கம் வென்ற கணேஷ் இந்துகாதேவியையோ, 72 வயதில் 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கத்தோடு திரும்பிய முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவையோ நேரில் பார்த்த தாய், "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு ஓட்டம்" என்று கேட்கக் கொஞ்சம் தயங்குவார்.

ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் என்ன? வீரர் போய்விட்டார். பிள்ளையின் கையில் ஒரு ரீசேட்டும் ஒரு செல்பியும் இருக்கின்றன. காலம், கடதாசி, வேலைத்தொடர்பு மூன்றிலும் இது பூச்சியம்.

மறைந்த செலவு வீரருக்குக் கொடுக்கும் காசில் இல்லை. பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. ஒலிவாங்கி, பந்தல், மதியச் சாப்பாடு, கொழும்பிலிருந்து வாகனம், பிரமுகர்களுக்கான மாலை என்று போகும். பதாகைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பஸ் சீசன் எடுக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனம் கணக்குப் போடும். அதைவிடப் பெரிய செலவு, கழகச் செயற்குழு ஒரு மாதம் வேறு வேலை பார்க்காமல் இதற்குப் பின்னால் ஓடுவது.

எப்போது இது சரி? நீண்ட திட்டம் ஒன்றின் தொடக்க நாளாக வைத்தால் சரி. அப்போதும் நான் செய்யும் மாற்றம் ஒன்றுண்டு. வீரரைப் பிள்ளைகளுக்குப் பேசவைப்பதைக் குறைத்து, வேலை தருபவர்களோடு இருத்திவைப்பது. தொழிற்சாலை மனிதவள அலுவலர், கராஜ் முதலாளி, கட்டட ஒப்பந்தகாரர், ஹோட்டல்காரர் என்று பத்துப் பேரைக் கூப்பிட்டால், சாதாரண நாளில் வராதவர்களும் அந்த வீரரைப் பார்க்க வருவார்கள். வந்த இடத்தில் "வருசத்துக்கு ரெண்டு பிள்ளையை எடுத்துப் பழக்குவீங்களோ" என்று கேட்கலாம். பெயர் பெற்ற ஆளின் நேரத்துக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

## வழி 2: ஊரில் இருக்கும் பழைய ஆட்டக்காரர், ஓராண்டு வழிகாட்டியாக

ஒரு வழிகாட்டிக்கு நான்கைந்து பிள்ளைகள். கிழமைக்கு ஒரு மாலை மைதானம். ஆட்டம் முடிந்த பின் அரை மணித்தியாலப் பேச்சு. மாதம் ஒருதரம் வேலையிடம் ஒன்றைப் போய்ப் பார்ப்பது. வடிவம் இவ்வளவுதான்.

இதில் விளையாட்டு என்ன செய்கிறது? "குழு உணர்வு, தலைமைத்துவம்" என்று முன்மொழிவுகளில் எழுதுவதைக் கொஞ்சம் மறப்போம். நம்மூர் முதலாளிகளிடம் கேட்டால் குறை வேறு மாதிரி வரும். சொல்லாமல் நின்றுவிடுகிறான். வற்றாப்பளைப் பொங்கல் என்றால் மூன்று நாள் காணோம், மடுத் திருவிழா என்றால் ஒரு கிழமை. ஒருதரம் ஏசினால் அடுத்த நாள் வரமாட்டான். வேலை தெரியாதது அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அதைப் பழக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

இந்தக் குறைகளுக்கு மைதானத்தில் ஏற்கனவே பழக்கம் உண்டு. மட்ச் நாளில் வரமுடியாவிட்டால் கப்டனுக்கு முதல் நாளே சொல்லவேண்டும். கோச் எல்லார் முன்னாலும் ஏசினால் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகமுடியாது. பதினொருவரில் பெயர் வராவிட்டாலும் தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். பிள்ளைக்கு இது தெரியும். தெரிந்ததை வேலையிடத்துக்குக் கொண்டுபோகத்தான் ஆள் வேண்டும். "சுப்பவைசர் எண்டவர் கோச் மாதிரித்தான், ஏசினா அடுத்த மட்ச்சுக்கு வாறேல்லையோ நீ?" என்று அவனோடு ஓடிய அண்ணன் கேட்டால் காதில் ஏறும். பிரதேச செயலகக் கருத்தரங்கில் கதிரையில் இருந்து கேட்டால் ஏறாது.

இரண்டாவது பயனை யாரும் அதிகம் பேசுவதில்லை. வெளியூர்ப் பயம். தேசிய மட்டத்துக்குத் தெரிவாகி கொழும்பு சுகததாச மைதானத்துக்கோ தியகமவுக்கோ போன வன்னிப் பிள்ளைக்கு, சிங்களம் தெரியாமல் விடுதியில் படுத்த இரவும், பெயர் கூப்பிடும்போது விளங்காமல் முழித்ததும் மறக்காது. அதைத் தாண்டி வந்தவர் சொல்லும் வழிகளை வேறு யாராலும் சொல்லமுடியாது: முதல் கிழமை யாரோடு ஒட்டிக்கொள்வது, எந்தப் பத்துச் சிங்கள வசனம் போதும், அவமானப்பட்டால் யாருக்குப் போன் எடுப்பது. வேலை கிடைத்தும் வவுனியாவைத் தாண்டமாட்டேன் என்று நிற்கும் பிள்ளைகளுக்கு இதுதான் தேவைப்படுகிறது.

யாரை வழிகாட்டியாக எடுப்பது? பதக்கத்தை வைத்துத் தெரிவு செய்தால் பிழைக்கும். நான் கேட்கும் கேள்விகள் மூன்று. விளையாட்டை விட்டு ஒரு வேலைக்குப் போய் அதில் சில ஆண்டுகள் நின்றவரா? பஸ்ஸிலோ மோட்டார்ச் சைக்கிளிலோ அரை மணித்தியாலத்துக்குள் வரக்கூடிய இடத்தில் இருக்கிறாரா? ஒருமுறையாவது தோற்றுத் திரும்பிய கதையை வெட்கப்படாமல் சொல்வாரா? தங்கம் வென்று இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவரை விட, மாவட்ட மட்டத்தோடு நின்று இன்று பரந்தனில் கராஜ் வைத்திருப்பவர் இந்த வேலைக்குப் பொருந்துவார்.

இனிச் செலவு. வழிகாட்டிகள் தொண்டர்கள்தானே என்று பூச்சியம் போடுபவர்கள் மூன்றாம் மாதம் ஆளில்லாமல் நிற்பார்கள். பெற்றோல் காசும் போன் காசும் மாதாமாதம் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் பக்கம் ஒரு கணக்கு: 20 பிள்ளைகள், ஆண்டுக்கு 40 கிழமை என்றால் 800 வருகை. ஒரு வருகைக்குப் பஸ்ஸும் பணிசும் தேநீருமாக 300 ரூபா என்று வைத்தாலே 2,40,000 ரூபா. இதைத் தொடக்கத்திலேயே ஒதுக்காத திட்டத்தில் கடைசியில் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

ஆண்டுக்கு 40 கிழமை என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு. பெரும்போக அறுவடைக் காலத்தில், தை மாசி பங்குனியில், கூலிக்குப் போகும் பிள்ளை வரமாட்டான்; வரச்சொல்வதும் நியாயமில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் பாதி மைதானங்கள் குளம். இந்தக் காலங்களில் சில கிழமை சந்திப்பை நிறுத்தினாலும் போன் தொடர்பை வழிகாட்டி அறுக்கக்கூடாது. திட்டம் உடைவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

காயமும் ஒரு செலவு. நாட்கூலிக்குப் போகும் பிள்ளை கணுக்கால் சுளுக்கி ஒரு கிழமை படுத்தால் வீட்டு அடுப்பு எரியாது. அதனால் போட்டி வெறியைக் குறைத்து, சும்மா ஆடும் ஆட்டமாக வைப்பது புத்தி. முதலுதவிப் பெட்டியும், காயப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்க ஒரு சிறு தொகையும் தனியாக இருக்கட்டும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு எந்த வழிகாட்டியும் தனியே மூடிய அறையில் இருப்பதில்லை. இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புவதில்லை, எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில். பெண் பிள்ளைகளின் குழுவுக்குப் பெண் வழிகாட்டி. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளின் போனிலும் இருக்கவேண்டும். "எங்கட ஆள்தானே, தங்கமான பொடியன்" என்ற பேச்சை இந்த இடத்தில் ஏற்கக்கூடாது.

இந்த வழியின் உண்மையான பலவீனங்கள் இரண்டு. ஒன்று, ஓராண்டு முடிவில் கையில் கடதாசி இல்லை. மற்றது தெரிவு. கழகம் தன் நல்ல ஆட்டக்காரர்களைத்தான் உள்ளே எடுக்கும். அவர்கள் எப்படியும் தப்பிப் பிழைக்கக்கூடியவர்கள். மைதானத்தின் மதிலில் குந்தியிருந்து பார்க்கும் பிள்ளை வெளியேயே நிற்பான். அயல் ஊர்க் கழகத்தோடு கடந்த ஆண்டு இறுதிப்போட்டியில் சண்டை நடந்திருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஆகவே பெயர்ப் பட்டியலைக் கழகச் செயலாளர் எழுதக்கூடாது. கிராம அலுவலரும் பாடசாலை அதிபரும் தரும் பட்டியலில் தொடங்குங்கள். ஆடத் தெரியாத பிள்ளைக்குப் புள்ளி எழுதும் வேலை, நேரம் பார்க்கும் வேலை, மைதானக் கோடு போடும் வேலை கொடுக்கலாம். நேரத்துக்கு வந்து ஒரு பொறுப்பை முடித்துப் போவது அவற்றிலும் உண்டு.

## வழி 3: விளையாட்டை விட்டு, நேரே தொழிற்பயிற்சி

கடதாசி என்ற அளவுகோலில் இதை வெல்ல ஒன்றுமில்லை. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை முறையில் 7 மட்டங்கள்: 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தனியே நின்று வேலையை முடிக்கக்கூடியவர் என்பதற்கு முதலாளிகள் பார்ப்பது பெரும்பாலும் 4ஆம் மட்டத்தை. வெளிநாடு போக நினைப்பவருக்கும் அது கைகொடுக்கும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில் பழகுநர்களுக்கான அரச அமைப்பான நைற்றா, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றோடு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகனம், மின்னியல், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று அங்கே துறைகள் உண்டு.

அரச பயிற்சி நெறிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. அப்படியென்றால் சங்கத்தின் காசு எதற்கு என்று கேட்கலாம். கட்டணம் இல்லாத நெறியிலிருந்தும் பிள்ளைகள் இடையில் நிற்கிறார்கள் என்பதுதான் விடை. கொக்குத்தொடுவாயிலிருந்தோ துணுக்காய்ப் பக்கத்திலிருந்தோ அறிவியல் நகருக்கு நாளாந்தம் போய் வருவது நடக்காத காரியம், தங்கவேண்டும். பயிற்சி நடக்கும் மாதங்களில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாட்கூலி நின்றுவிடும். பாதுகாப்புச் சப்பாத்து, கருவிகள், சீருடை வேறு. நான்காம் மாதம் தங்கச்சிக்குச் சுகமில்லை, தவணைக்காரன் வந்து நிற்கிறான் என்று பிள்ளை திரும்பி வந்தால், அவனைத் தேடி வீட்டுக்குப் போக அந்த நிறுவனத்தில் ஆள் இல்லை. போதனாசிரியர் நல்லவராக இருந்தாலும் அது அவர் வேலையல்ல.

எப்போது இது தனியே போதும்? பிள்ளைக்கு எந்தத் துறை என்று தெளிவு இருந்து, வீட்டில் ஒருவராவது பின்னால் நின்றால் போதும். அப்படிப்பட்டவரை வழிகாட்டல் என்று ஓராண்டு மைதானத்தில் வைத்திருப்பது நேர விரயம். நாளைக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள்.

ஏற்கனவே ஐந்தாறு ஆண்டு கராஜிலோ வயரிங்கிலோ நின்று பழகியவருக்கு வகுப்பும் தேவையில்லை. அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ தரும் முறை இருக்கிறது. வன்னியில் இதைப் பற்றித் தெரியாமல், "எனக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு திறமான வேலை செய்பவர்கள் ஏராளம்.

## வழி 4: விளையாட்டையே வேலையாக்குவது

பிள்ளைகள் ஆசைப்படுவது இதைத்தான், அதனால் நேர்மையாகப் பேசவேண்டும். வழி இருக்கிறது. கொழும்பு வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தங்கள் அணிகளுக்காக ஆட்டக்காரரை வேலைக்கு எடுப்பதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போய் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற தேசிய வலைப்பந்து அணியில் நின்ற தர்ஜினி சிவலிங்கமும் வங்கி அணிக்காக ஆடியவர்தான். ஆனால் அவருடைய உயரம் ஆறடி எட்டு அங்குலத்துக்கு மேல். அந்தக் கதையை வைத்து ஒரு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திட்டம் போட முடியாது.

நடுவர் தேர்வு, பயிற்றுநர் சான்றிதழ் ஆகியவை கொஞ்சம் எட்டக்கூடியவை. கிழமை இறுதியில் கைச்செலவுக்கு உதவும். முழு வேலையாக நம்பி இருக்கமுடியாது. உடற்கல்வி ஆசிரியராக வர உ.த. சித்தி வேண்டும், ஆகவே இந்தக் கட்டுரை பேசும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்தக் கதவு இப்போதைக்குச் சாத்தியே இருக்கிறது. மாகாண மட்டத்தில் இடம் எடுத்த ஒருவரோ இருவரோ இருந்தால் அவர்களுக்கு மட்டும் இதில் காசு போடுங்கள். அதுவும் ஒரு என்.வி.கியூவைக் கூடவே எடுக்கவைத்து.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | முகாம் | ஊர் வழிகாட்டி | தொழிற்பயிற்சி | விளையாட்டு வேலை |
|---|---|---|---|---|
| நிற்கும் காலம் | ஒரு நாள், இரண்டு நாள் | ஓராண்டு, ஆள் நின்றால் | நெறி முடியும் வரை | ஆட்டம் இருக்கும் வரை |
| கையில் மிஞ்சுவது | ஒன்றுமில்லை | பழக்கமும் ஒரு பரிந்துரையும் | என்.வி.கியூ | நடுவர், பயிற்றுநர் சான்று |
| வேலைத்தொடர்பு | முதலாளிகளை அழைத்தால் மட்டும் | வழிகாட்டியின் அறிமுகங்கள் | வேலையிடப் பயிற்சி மூலம் | மிகச் சிலருக்கு |
| பெண் பிள்ளைகள் | வருவார்கள், தொடர்ச்சி இல்லை | பெண் வழிகாட்டி இருந்தால் | தங்குமிடத்தைப் பொறுத்தது | வீட்டாரைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | பந்தல், வாகனம், குழுவின் ஒரு மாதம் | பஸ், பெற்றோல், காயம் | இழக்கும் கூலி, தங்குமிடம் | வேறு தொழில் பழகாத ஆண்டுகள் |
| வெளியே நிற்பவர் | தூரத்து ஊர்கள் | ஆடத் தெரியாதவர், கவனிக்காவிட்டால் | வீட்டில் துணை இல்லாதவர் | ஏறக்குறைய எல்லாரும் |

## உங்கள் நிலைமைக்கு எது

ஓராண்டுக்கு உறுதியான காசும், நின்று பிடிக்கும் நான்கு வழிகாட்டிகளும் இருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒட்டவையுங்கள். முதல் மூன்று நான்கு மாதம் மைதானமும் வேலையிடப் பார்வையும். அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று வழிகாட்டிக்குத் தெரிந்துவிடும். பிறகு பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது. பிள்ளை பயிற்சிக்குப் போன பின்னும் வழிகாட்டி விலகக்கூடாது. சொல்லப்போனால் அவருடைய உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. நான்காம் மாதம் பிள்ளை திரும்பி வரும்போது வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியவர் அவர்தான். காசில் பெரிய பங்கை இந்தக் கட்டத்துக்கு வைத்திருங்கள். தொடக்க விழாவில் செலவழித்துவிட்டால் இங்கே கை வறண்டுவிடும்.

காசு உண்டு, வழிகாட்டிகள் இல்லை என்றால், இல்லாத வழிகாட்டிகளை எழுத்தில் உருவாக்கவேண்டாம். நேரே தொழிற்பயிற்சிக்குப் போங்கள். ஐந்து பிள்ளைகளுக்குத் தங்குமிடமும், வீட்டுக்குச் சிறு மாதாந்தத் தொகையும் கொடுப்பது ஐம்பது பிள்ளைகளுக்கு ரீசேட் கொடுப்பதை விடப் பயன்.

வீட்டில் உடனே உழைப்பு வேண்டும், ஆறு மாதம்கூடப் பொறுக்கமுடியாது என்ற பிள்ளைக்கு? கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில் போன்ற ஆடைத் தொழிற்சாலைகள் ஊர்களுக்குப் பஸ் விட்டு ஆட்களை ஏற்றுகின்றன. பெண் பிள்ளைகள் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதைக் குறைவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்கான சம்பளமும், ஊழியர் சேமலாப நிதியும் நாட்கூலியில் இல்லாதவை. நாள் முழுக்க வேலை, இலக்கு, ஏச்சு என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்பவேண்டும். முதல் மூன்று மாதம் கிழமைக்கொரு தரம் வலைப்பந்து ஆடவந்து அக்கா ஒருவரோடு பேசிப்போகும் பிள்ளை, அங்கே நிலைத்து நிற்க வாய்ப்புக் கூட. இங்கே வழிகாட்டலும் வேலையும் ஒரே நேரத்தில் ஓடும். வரிசை வைக்க அவகாசம் இல்லை.

மூன்று மாதத்துக்கு மட்டுமே காசு இருக்கிறது என்றால் வழிகாட்டல் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். அதற்குப் பதில், அனுபவம் உள்ள இளைஞர்களைக் கண்டுபிடித்து அனுபவ மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். குறுகிய காலத்தில் கடதாசி கையில் வரும். யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுத்ததாகவும் இருக்காது.

அதற்கும் காசு போதாது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில ஆட்களும்தான் இருக்கிறார்கள் என்றால் கழக மண்டபத்தில் நான்கு மேசை போடுங்கள். ஒன்றில் அடையாள அட்டை விண்ணப்பம், ஒன்றில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி, ஒன்றில் சுயவிபரக் கோவை தட்டச்சு, கடைசி மேசையில் அடுத்த தொழிற்பயிற்சி உள்வாங்கலுக்கான விண்ணப்பம். இடப்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்த வீடுகள் வன்னியில் இன்னும் உண்டு. கிராம அலுவலரை அன்றைக்கு வரச்சொல்லிக் கேளுங்கள், முத்திரைக் காசைக் கழகம் கொடுக்கட்டும். பிள்ளைகள் வரவேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு ஒரு கரப்பந்து ஆட்டத்தையும் அறிவித்துவிடுங்கள்.